வலை முடிச்சும் ஊசல் குண்டும்

சேலையூர்,
20-5-2003

அன்புள்ள அப்பாவுக்கு,

சரிதா எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு இருமல் நின்றதா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

கோடைக்கால இயற்பியல் வகுப்பில் நேற்று ஊசல் சோதனை. நூலில் குண்டைக் கட்டி ஆடவிட்டு, பிறகு நூலைக் குறைத்து மறுபடியும் ஆடவிட வேண்டும். நான் பழக்கதோஷத்தில் நீங்கள் சொல்லித்தந்த வலை முடிச்சைப் போட்டுவிட்டேன். அவிழவே இல்லை. ஆய்வகத்து அண்ணன் பிளேடால் அறுத்துவிட்டு, "இன்னாம்மா, இங்க மீனா புடிக்கிற?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆனால் எனக்கு இங்கே இருப்புக்கொள்ளவில்லை. மீன்பிடித் தடை என்று வருஷத்தில் நாற்பத்தைந்து நாள்தான் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். அந்த நாட்களில் இங்கே வந்து உட்காரும்படியா நான் இயற்பியலில் தவற வேண்டும்!

கொசுக்கடி தாங்கவில்லை. போர்த்திக்கொள்ள உங்கள் பழைய கைலி ஒன்றை, இந்தப் பக்கம் வரும்போது மகேஷ் அண்ணனிடம் கொடுத்தனுப்புங்கள்.

மணி அடித்துவிட்டது. பரீட்சை முப்பதாம் தேதி காலை. இரவுக்குள் ஊருக்கு வந்துவிடுவேன். தடை முடிந்து அன்று விடியலிலேயே படகுகள் கிளம்பிவிடும், தெரியும். முழங்கால் வலி என்று ஓனரிடம் சொல்லி அந்த ஒரு நாள் மட்டும் கரையில் இருங்களேன். வலி விட்டிருந்தாலும் சொல்லுங்கள், அப்பா.

உங்கள்
சரிதா