கிட்டங்கியில் நின்ற பச்சைக் கார்

1967 செப்டம்பர் 3
வெயில். காற்று நின்றுவிட்டது, புழுதி நிற்கவில்லை. காலையில் நோயாளிகள் பதினாறு பேர். பாதிப்பேருக்குச் சிரங்கு.

மதியம் பஸ்ஸில் அ.கோட்டை. தம்பி நாகராஜ் ஸ்டாண்டிலேயே காத்திருந்தான். தறியை விட்டால் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் எந்த வீட்டில் எது விலைக்கு வருகிறது என்பதுதான். ஒரு பருத்தி வியாபாரியின் கிட்டங்கிக்குக் கூட்டிப்போனான். பொதிகளுக்குப் பின்னால் கார். சீமைக் கார், யுத்தத்துக்கு முந்தியது. பச்சை நிறமாம், சொன்னால்தான் தெரிகிறது. முன்விளக்கு ஒன்று இல்லை. பின்சீட்டில் எலி குடும்பம் நடத்திக் குட்டியும் போட்டிருக்கிறது.

டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். வியாபாரிக்கு முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பொம்பளை அங்கே உட்காரலாமா என்ற முகம். அதற்காகவே இன்னும் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

வேண்டும் என்று தோன்றிவிட்டது. இந்த வயதில் ஒரு பொருள் மேல் இப்படி ஆசை.

செப். 4
எதற்கு வேண்டும்? எழுதிப் பார்க்கிறேன்.

ம.பட்டி முத்தம்மாள். போன மாதம். இரண்டாவது பிரசவம். வண்டி வந்து, நான் ஏறி, ஆறு மைல் போய்ச் சேர்ந்தபோது குழந்தை அழுதுகொண்டிருந்தது. தாய் போய்விட்டாள். ரத்தப்போக்கு. ஒரு மணி நேரம் முன்னால் போயிருந்தால் நிறுத்தியிருப்பேன். வண்டிக்காரனைத்தான் திட்டினேன், மாடு நடக்கிற நடையா இது என்று. அவன் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

கார் என்றால் இருபது நிமிடம்.

இங்கே டாக்டரைக் கூப்பிடுகிற வீடுதான் வண்டி அனுப்ப வேண்டும். அதுதான் வழக்கம். திருச்சுழிக்கு வந்து பதினோரு வருஷம், அடுத்தவர் மாடு நடக்கிற வேகத்தில்தான் என் வைத்தியம்.

வேண்டாம் என்பதற்கு: ஓட்டத் தெரியாது. மழை பெய்தால் கரிசல் பாதை களிமண். ஊர் சிரிக்கும். (கடைசியை அடித்துவிட்டேன். சிரித்துவிட்டுப் போகட்டும்.)

செப். 10
மறுபடி அ.கோட்டை. மெக்கானிக் காதர் பாயுடன். மனிதர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார், பேசவில்லை. நான் நோயாளியிடம் செய்வதும் இதுதான், அதனால் எனக்குப் பயமாக இருந்தது.

ரேடியேட்டர் அடியில் திருகைக் கழற்றினார். தண்ணீர் வரவில்லை. கொழகொழவென்று வெள்ளையாக ஏதோ இறங்கியது. புளித்த நாற்றம்.

"என்ன முதலாளி இது?"

"அது ஒழுகிட்டே இருந்துச்சு பாய். தறியில பாவு நூலுக்குப் போடுற கஞ்சிய ஊத்துனோம். சொட்டு ஒழுகல, நின்னுருச்சு."

"ஒழுகலதான். ஓடவும் இல்லைல்ல? எஞ்சின் என்ன சேலையா, கஞ்சி போட்டு மடிச்சு வைக்க?"

சிரிப்பை அடக்க முடியவில்லை. நாகராஜ் மட்டும், ‘யோசனை மோசமில்லையே’ என்று எங்கள் வீட்டுத் தெலுங்கில் என் காதில் சொன்னான். தறிக்காரன் புத்தி.

பாய் கணக்கு: சாமான் மதுரையில் கிடைக்காது, மெட்ராஸ் போக வேண்டும். நாலு மாதம். "ஆனா உசுரு இருக்கு டாக்டரம்மா. மெனக்கெட்டா ஓடும்." இதை நானும் எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

வியாபாரி சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். யோசித்துச் சொன்னால் போதுமாம். கெட்டிக்காரர். சாவி கையில் இருந்தால் யோசனை எந்தப் பக்கம் போகும் என்று அவருக்குத் தெரியாதா?

செப். 17
மேகம் கூடிக் கலைந்தது. பஞ்சு, டிங்க்சர் வாங்க வேண்டும். ஸ்டவ்வுக்குத் திரி.

சாவி மேஜை மேல். ஆயா பாக்கியம் ஊசி வேகவைத்துக்கொண்டே, "அதையே பாத்துக்கிட்டிருக்கீக. காரு வந்துட்டா எங்களயெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா?" என்றாள். நான் வந்த நாள் முதல் கூட இருப்பவள், என்ன வேண்டுமானாலும் சொல்வாள்.

ஒன்றை மட்டும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். முத்தம்மாளுக்காக மட்டுமில்லை. நினைத்த நேரத்தில் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு புறப்பட வேண்டும் என்று ஆசை.

செப். 24
காலையில் முத்தம்மாள் புருஷன் கருப்பையா. ஆறு மைல் நடந்து, குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு. பிள்ளைக்கு வாயெல்லாம் வெள்ளைப் புண். மருந்து தடவினேன். எடை பரவாயில்லை, ஆட்டுப்பால்.

அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. நான் கார் வாங்கப்போகிறேன், இனிமேல் தாமதமாகாது என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவன் தலையாட்டினான்.

"வண்டி வாரதுக்கு ஒண்ணும் நேரமாகல தாயி. கெடைக்கத்தேன் நேரமாச்சு. வெள்ளன இருந்து மூணு வீடு ஏறி எறங்குனேன். ரெண்டு வீட்ல இல்லேன்னுட்டாக. கூண்டு வண்டி உச்சிக்குத்தேன் கெடச்சுச்சு."

"ஏன், கூண்டில்லாத மொட்டை வண்டி கூடவா உங்க ஊர்ல இல்ல?"

"பக்கத்து வீட்லயே நின்னுச்சு."

"பிறகு?"

"நீங்க அதுல ஏற மாட்டீகள்ல."

கோபமே இல்லாமல் சொன்னான். வெயில் அடிக்கிறது என்பது போல.

அவன் போனபின் பாக்கியத்திடம் கேட்டேன், யார் கிளப்பிவிட்ட பேச்சு இது என்று. ஊசியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். இரண்டாம் தடவை கேட்டபின் சொன்னாள்.

"நீங்கதேன். வந்த புதுசுல ஒருத்தன் எரு அடிச்ச வண்டியக் கொண்டாந்தான். வாசல்ல வச்சுச் சத்தம் போட்டீக. என்னை மாட்டு டாக்டருன்னு நெனச்சியா, போய்க் கூண்டு வண்டி கொண்டான்னு. தெருவே பாத்துச்சு."

ஞாபகம் வந்தது. வெள்ளைச் சேலை, புதுசு. சின்ன வயது, பொம்பளை டாக்டர் என்றால் இளக்காரமாக நினைப்பார்கள் என்ற பயம். அவன் போய் வேறு வண்டி கொண்டுவந்தான். பிரசவம் நல்லபடியாக முடிந்தது. அதனால்தான் எனக்கு மறந்துபோயிற்று.

ஊருக்கு மறக்கவில்லை.

செப். 25
பதினோரு வருஷம். எத்தனை வீட்டில் கூண்டு வண்டி தேடினார்கள்? எத்தனை பேர் தேடிக் கிடைக்காமல் என்னைக் கூப்பிடாமலே விட்டார்கள்? மாட்டைக் குறை சொன்னேன், பாதையைக் குறை சொன்னேன்.

அக். 1
நாகராஜ் வந்தான். முறுக்கு, இரண்டு கைத்தறித் துண்டு. அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துள்ளினான். "அப்ப கட்டாயம் வாங்கணும்க்கா! இனி யாரும் வண்டியே அனுப்ப வேணாம்ல. சைக்கிள்ல ஒரு ஆள் வந்தாப் போதும்."

சரியான பேச்சுதான். நானும் நேற்று வரை அப்படியே நினைத்தேன். ஆனால் நாலு மாதம். மார்கழி, தை வரை பிரசவங்கள் காத்திருக்காது. இன்னொன்று. மொட்டை வண்டியில் ஏறாதவள் இப்போது காரும் வாங்கிவிட்டாள் என்றுதான் ஊர் சொல்லும். கருப்பையா மாதிரி ஆள் கார்க்காரியைக் கூப்பிட வருவானா? வரமாட்டான்.

சொன்னேன். அவனுக்குப் பிடிக்கவில்லை. "காரியாபட்டியில இருந்து ஒரு பார்ட்டி கேக்குதாம். அடுத்த திங்கள்கிழமைக்குள்ள சொல்லணும்" என்றான். திங்கட்கிழமை தானே வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். சாவி இன்னும் மேஜை மேல்தான்.

அக். 9
விடிந்ததும் மழை, இந்த வருஷத்தின் முதல் மழை. வாசலில் மொட்டை வண்டி, ஓட்டி வந்தவன் தலையில் சாக்கு.

"சம்சாரத்துக்கு நோவு எடுத்துருச்சு தாயி. கூண்டு வண்டிக்குச் சொல்லிவிட்டிருக்கு, பின்னால வருது. நீங்க கெளம்பி மட்டும் இருங்க, சொல்லத்தேன் வந்தேன்."

பையை எடுத்துக்கொண்டு வந்து வண்டியில் ஏறினேன். அவன் பதறினான். "எரு அள்ளுன வண்டி தாயி!" தெரிகிறது, மூக்கு இருக்கிறது, ஓட்டு என்றேன்.

ஆள் பார்க்காத சுற்றுப் பாதையில் திருப்பப் பார்த்தான். பஜார் வழியாகப் போ என்றேன். டீக்கடையில் அத்தனை பேரும் எழுந்து நின்று பார்த்தார்கள். குடை இல்லை. மூக்குக் கண்ணாடி முழுக்கத் தண்ணீர். "ஏலே, டாக்டரம்மாடா" என்று ஒரு குரல். நன்றாகப் பார்க்கட்டும்.

பெண் குழந்தை. தாய் நலம்.

திரும்பி வந்தபோது சேலை முழுக்கச் சேறும் சாணியும். நாகராஜ் வந்து காத்திருந்தான். சாவியைக் கொடுத்தேன். வாங்கும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பச்சைக் காரை நினைத்துக் கொஞ்சம் அழுகை வந்தது. வந்ததை எழுதுவதில் என்ன வெட்கம்?

அக். 10
தூறல். சேலைக் கறை போகாது, பாக்கியம் இரண்டு தடவை அலசிவிட்டாள்.

மதியம் ம.பட்டிக்குப் போக வேண்டும், பிள்ளையின் வாய்ப்புண் பார்க்க. கூப்பிடவில்லை, நானாகத்தான். கருப்பையாவிடம் அந்த எரு வண்டிக் கதையை நானே சொல்லியாக வேண்டும். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்கிறது, பாக்கியம் ஏதோ ஒரு வண்டியைப் பிடித்துவிட்டாள்.