பன்னி விரட்டின குரல்

வட்டவளை
2024.05.05

அன்பு மகள் ஜெயந்தினிக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீ டோஹா வெயிலில் வாடாமல், கிளினிக் வேலையில் திட்டு வாங்காமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

போன் இருக்கிற காலத்தில் இந்தாளுக்கு என்ன கடுதாசி என்று நினைப்பாய். என் போன் மழையில் நனைந்து பேச்சுக் கேட்க மாட்டேங்குது. நான் எழுதினதை றம்ஸான் தன் ஹார்ட்வெயார் கடையில் வைத்துப் படம் பிடித்து உனக்கு அனுப்புவான். நீ அனுப்புறதை பிரிண்ட் எடுத்துத் தருவான். படிக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருக்கான். அவன் சத்தியம் உனக்குத் தெரியும்தானே.

பெரிய செய்தி, கஜேந்திரன் கனடாவில் இருந்து வந்திருக்கான். பத்தொன்பது வருஷம். தலைமயிர் இடுப்பு வரைக்கும் இருந்தவன், இப்ப தலையில் விளக்குப் போட்டால் எதிரொளிக்குது. எங்க "இடிமலை" மெட்டல் பேண்டை மறுபடி சேர்க்கப் போறானாம். எங்க பழைய கேசட்டை யாரோ இணையத்தில் போட, இப்ப கொழும்புப் பொடியன்கள் தேடித் தேடிக் கேட்கிறாங்களாம். நீ மூணு வயசில் கேட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒளிஞ்சியே, அதே கேசட். அன்னைக்கு ஒத்தை மைக்கில் பதிஞ்சது, கேட்டால் தகர டப்பாவுக்குள்ள சண்டை நடக்கிற மாதிரி இருக்கும். இப்ப நாலு பாட்டையும் ஒழுங்காகப் பதியணும் என்கிறான். வர்ற ஞாயிறு, 12ஆம் தேதி, றம்ஸான் கடை மாடியில். பெயின்ட் டின் அடிச்சுப் பழகினவன்தானே அவன், ட்ரம்ஸ் இன்னும் கையில் இருக்கு. கஜேந்திரனுக்கு கிட்டார். எனக்கு வழக்கம்போலக் கத்துற வேலை.

அம்மா சொல்றா, ஆட்டோ ஓட்டுற மனுசனுக்கு நாற்பத்தேழு வயசில் இது தேவையா என்று. இப்ப கொஞ்ச நாளாக நான் வீட்டில் அதிகம் பேசாததில் அவளுக்கு ரொம்பச் சந்தோஷம்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் பாட்டுக்கார
அப்பா பிரதாப்

---

டோஹா
2024.05.07

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்க கடிதம் கிடைத்தது. இரண்டு பக்கமும் கிடைத்தது.

வெறும் தாளைக் கண்டால் நீங்க விடமாட்டீங்க. கரண்ட் பில்லுக்குப் பின்னால்தான் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தீங்க. இந்தத் தடவை ஆட்டோவில் கிடந்த எந்தத் தாளை எடுத்தீங்க என்று திருப்பிப் பார்த்தீங்களா? றம்ஸான் மாமா பாவம், ஒன்றும் விடக்கூடாது என்று முன்னும் பின்னும் படம் பிடித்து அனுப்பியிருக்கார். பின்பக்கம் கண்டி ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டு. குரல் நாணில் கட்டி. 14ஆம் தேதி வார்டில் சேர வேணும். கட்டியில் ஒரு துண்டு வெட்டிச் சோதிக்க வேணும். அதுவரை சத்தம் போடக் கூடாது என்பதற்குக் கீழே இரண்டு கோடு.

போனுக்கு ஒன்றும் ஆகவில்லை, இல்லையா? அம்மா போனுக்கு நேற்று ஐந்து தடவை எடுத்தேன். ஐந்து தடவையும் நீங்க குளிக்கிறீங்க என்றாங்க. வட்டவளைக் குளிரில் நீங்க ஒரு நாளைக்கு ஐந்து தடவை குளிக்கிற ஆள் இல்லை.

உங்க குரல் எப்படி ஆகியிருக்கு? அப்பா, உண்மையை எழுதுங்க.

ஜெயா

---

வட்டவளை
2024.05.09

ஜெயா,

உன் கடிதத்தை றம்ஸான்தான் கொண்டு வந்து தந்தான். முகத்தைப் பார்த்ததுமே படிச்சிட்டான் என்று தெரிஞ்சது. "ஏன்டா மச்சான், எங்கிட்டயும் சொல்லலியே" என்றான். பிறகு கல்லாவில் போய் உட்கார்ந்துட்டான்.

மூணு மாசமாக இப்படித்தான். முதலில் சளி, தடிமன் என்று நினைச்சேன். மாசியில் குரல் பாதி போச்சு, இப்ப மண்ணெண்ணெய் அடுப்பு புகையிற மாதிரி ஒரு சத்தம்தான் வருது. "ஹட்டன், ஹட்டன்" என்று கூப்பிட்டு ஆட்டோவில் ஆள் ஏத்த முடியலை. போனில் நீ கேட்டால் அழுவாய், நீ அழுதால் நான் அழுவேன், அதனால்தான் கடுதாசியும், அம்மாவைச் சொல்ல வச்ச குளியல் பொய்யும். வெறும் தடிமன் என்று நம்பியிருந்த அம்மாவுக்கு நேற்றுத்தான் சொன்னேன். திட்டலை, எனக்கு ரெண்டு முட்டை பொரிச்சு வச்சா. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

அந்தக் குரல் எங்க இருந்து வந்தது என்று உனக்குச் சொன்னதே இல்லை. பதினெட்டு வயசில் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால எங்க உருளைக்கிழங்குப் பாத்திக்குக் காவல் இருந்தேன். காட்டுப் பன்னி கூட்டமாக வரும். எனக்குப் பன்னி என்றால் உயிர் போகும். ஓடவும் முடியாது, எங்கப்பா அடிப்பார். தார் பீப்பாய்க்குள்ள தலையை விட்டுக் கத்தினேன். பன்னி மட்டும் இல்லை, கீழ் லயத்து நாய்களும் ஓடிச்சு. கஜேந்திரன் கேட்டுட்டு, இதுதான்டா மெட்டல் என்றான். அப்படிப் பிறந்ததுதான் "பன்னிக் காவல்". பயந்து கத்தினதைத்தான் ஊர் வீரம் என்று நினைச்சது.

இப்பவும் அதே பயம்தான். கத்தி வச்ச பிறகு குரல் வருமா வராதா என்று டாக்டரும் சொல்ல மாட்டேங்கிறார். அதனால ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு தடவை கத்திட்டுப் போயிடுறேனே. கடைசித் தடவையாக இருந்தாலும் ஒழுங்கான மைக்கில் இருக்கட்டும்.

கோவிச்சுக்காதே.

அப்பா

---

டோஹா
2024.05.10

அப்பா,

கோவிச்சுக்கத்தான் செய்வேன்.

எங்க கிளினிக் டாக்டரிடம் அந்தச் சீட்டைக் காட்டினேன். கட்டி இருக்கிற நாணோடு கத்தினால் கிழிந்து இரத்தம் கசியலாம், பிறகு இருக்கிற குரலும் மிஞ்சாது என்றார். லீவு கேட்டேன், ஆகஸ்ட் வரை கிடையாதாம். உங்களைப் பிடித்து நிறுத்த நான் அங்கே இல்லை. இந்தத் தாள் மட்டும்தான் இருக்கு.

கொழும்புப் பொடியன்களுக்கு உங்க உறுமல் வேணும். எனக்கு அது வேண்டாம், சின்ன வயசில் இருந்தே வேண்டாம். "சாப்பிட்டியா" என்று போனில் கேட்பீங்களே, அந்தக் குரல் வேணும். அதை ஒரு பாட்டுக்காகக் கொடுத்திடாதீங்க.

றம்ஸான் மாமா, நீங்க இதைப் படிக்கிறீங்க என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை மைக்கை அவர் கையில் கொடுக்காதீங்க.

ஜெயா

---

வட்டவளை
2024.05.13

என் தங்கத்துக்கு,

நான் கத்தலை.

மூணு பாட்டு அவங்க ரெண்டு பேரும் வாசிச்சாங்க, நான் கைதட்டிக்கிட்டு இருந்தேன். "பன்னிக் காவல்" தொடங்கினதும் எழும்பிட்டேன். றம்ஸான் ட்ரம்ஸை விட்டுட்டு வந்து மைக்கைப் பிடிச்சுக்கிட்டான். "புள்ள எனக்குத்தான் எழுதியிருக்கு" என்றான். கஜேந்திரன், "உன் இடம் காலியா இருக்கட்டும்டா. நீ சுகமாகி வந்து போடு. நான் டிக்கெட்டைத் தள்ளிப் போடுறேன்" என்றான். அப்படியே பதிஞ்சிட்டாங்க. நான் கத்த வேண்டிய இடத்தில் வெறும் ட்ரம்ஸ் மட்டும் போகுது. கேட்க ஒரு மாதிரியாக இருக்கு, பல் விழுந்த வாய் மாதிரி.

அவங்க டீ குடிக்கப் போன நேரம் நான் மைக்குக்கிட்ட உட்கார்ந்து கொஞ்சம் பேசினேன். கத்தலை, மெதுவாகத்தான். நாலு நிமிஷம், உனக்கு. றம்ஸான் அதை இந்தக் கடிதத்தோட அனுப்புறான். இப்பத் திறக்காதே. பயந்தவன் பேச்சு, கேட்டால் உனக்குத் தூக்கம் வராது.

நாளைக்குக் காலையில் கண்டி பஸ். வெட்டின துண்டின் முடிவு வர மூணு கிழமை, இருபத்தொரு நாள் ஆகுமாம். முடிவு நல்லதாக வந்தால் "அழிச்சிடு" என்று எழுதுவேன். வேற மாதிரி வந்தால் எழுத மாட்டேன். அப்ப நீயே திறந்து கேள்.

அம்மா பையில் கட்டிக்க மூணு சாரமும் என் கறுப்பு இடிமலை டீ சேர்ட்டும் வச்சிருக்கா. அதில் மண்டையோடு இருக்கு, ஆஸ்பத்திரிக்கு இது என்னத்துக்கு என்று கேட்டேன். மத்ததெல்லாம் காயலையாம்.

அப்பா

---

டோஹா
2024.06.02

அப்பா,

உங்களால் இன்னும் பேச முடியாது என்று அம்மா சொன்னாங்க. இருபது நாளாச்சு. அந்த ஃபைல் போனில் அப்படியே கிடக்குது. இரண்டு தடவை விரல் அதன் மேல் போய்த் திரும்பியிருக்கு. திறக்கவில்லை. திறந்தால் எல்லாம் முடிந்து போகும் மாதிரி இருக்கு.

எழுதுங்க.

ஜெயா

---

வட்டவளை
2024.06.06

ஜெயா,

அழிச்சிடு.

அப்பா

பின்குறிப்பு: இந்தத் தாளின் பின்பக்கத்தையும் படம் பிடிக்கச் சொல்லியிருக்கேன். பார்த்துக்கோ, வெறும் தாள்தான்.