ஆவிக் கொட்டகையில் அறுபது கிலோ

தஞ்சாவூர், வெள்ளி இரவு

இன்று காலை எடை பார்த்தார்கள். அறுபது கிலோவுக்குள் வந்துவிட்டேன். குத்துச்சண்டை நாளை மாலை. அதற்குள் தண்ணீரும் சோறுமாகத் தள்ளிப் பழைய எடைக்கு ஏறிவிட வேண்டும். எதிராளியும் இதையேதான் செய்கிறான். தராசை ஏமாற்றிய இரண்டு தடியர்கள் நாளை ரிங்கில் மோதப் போகிறோம். இதற்குப் பெயர் சமமான போட்டியாம்.

என்னை வற்ற வைத்தவர் என் மேனேஜர், ரைஸ்மில் முதலாளி. நேற்று பிளாஸ்டிக் கோட்டை மாட்டிவிட்டு, மில்லில் நெல் அவிக்கும் கொட்டகைக்குள் உட்கார வைத்தார். தண்ணீர் கேட்டேன்.

"நாளைக்கு எடை பாத்துட்டு குடம் குடமா குடிச்சுக்கடா. ஒடம்பு உறிஞ்சிக்கும்" என்றார்.

துப்பிப் பார்த்தேன். எச்சில்கூட வரவில்லை.

அப்போது வெளியே களத்தில், அவித்த நெல்லை உச்சி வெயிலில் பரப்பிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து அவர் கத்தியது கேட்டது.

"அறிவிருக்கா ஒங்களுக்கு? இப்புடி ஒரேயடியா காய வச்சா அரிசி உள்ளுக்குள்ளயே வெடிச்சுப் போயிடும். அப்புறம் மெஷின்ல அடி பட்டா அம்புட்டும் நொய்தான். அள்ளி நெழல்ல போடுங்க."

சொல்லிவிட்டு வந்து கொட்டகைக் கதவை இன்னும் இறுக்கிச் சாத்தினார். பெரிய குத்துச்சண்டை மேதை.

எத்தனை சொம்பு குடித்தும் தலை விண்விண் என்று தெறிக்கிறது. நாளை எதிராளி முதல் குத்தை அங்கேதான் இறக்குவான்.

நெல்லாக இருந்திருந்தால் என்னை நிழலில் போட்டிருப்பான் அந்த ஆள்.