காயீனுக்கு யார் சொன்னது?

எலுல் 11, எருசலேம்

திஷ்ரி மாதம் பிறந்து யூதப் புத்தாண்டு வர இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. இன்று ஒன்பதாம் வகுப்பில், தம்பி ஆபேலைக் கொன்ற காயீனின் பாடம். கடைசி பெஞ்சு ஷிஃப்ரா எழுந்தாள். "டீச்சர், கொலை செய்யாதேன்னு சீனாய் மலையில கட்டளை வந்ததே ரொம்பப் பின்னாடி. கொலை தப்புன்னு காயீனுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. ஆனா, தம்பி எங்கேன்னு கடவுள் கேட்டப்ப ஏன் தெரியாதுன்னு பொய் சொன்னான்? தெரிஞ்சவன்தானே மறைப்பான்?"

வகுப்பு அசந்துபோனது. எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

எலுல் 13

ஒரு மாப்பிள்ளையின் அம்மா ஃபோன் செய்தார். மாடி வீட்டு ப்ரைண்டலின் மகள் தெமீமாவைப் பற்றி விசாரணை; விசாரிக்கப் பெண் வீட்டார் என் பெயரைத்தான் கொடுத்திருந்தார்களாம். மூன்று வருடம் என்னிடம் படித்தவள், தங்கமான பெண். "ம்ம்..." என்று இழுத்தேன். "வேற இடமும் பாருங்களேன்." அவ்வளவுதான் சொன்னேன்.

காலையில்தான் ப்ரைண்டலோடு சண்டை. அவள் ஈரத் துணி என் காய்ந்த துணிமேல் சொட்டிவிட்டது.

எலுல் 20

அந்தச் சம்பந்தம் நின்றுவிட்டது. ப்ரைண்டல் என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். "எந்தப் பாவி என்ன சொன்னாளோ! எம் பொண்ணுக்காக ஜெபம் பண்ணு ஹிந்தா."

பண்றேன் என்றேன். டீ வேறு போட்டுக் கொடுத்தேன். சீ.

எலுல் 21

நான் பொய் ஒன்றும் சொல்லவில்லையே — சொல்லவில்லையா?

எலுல் 27

அந்த மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நானே ஃபோன் செய்தேன். பெண்மேல் ஒரு குறையும் இல்லை, கோபத்தில் சொன்னேன் என்றேன். "வேற இடத்துல பேசி முடிச்சாச்சே." வைத்துவிட்டார்.

திஷ்ரி 9

மாலையில் பாவநிவாரண நாள் தொடங்குகிறது. காலை முதல் படிக்கட்டில் எல்லோரும் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறார்கள். ப்ரைண்டலும் வந்தாள். "மனசு நோக ஏதாவது பேசியிருந்தா மன்னிச்சிரு."

'நீயும் மன்னிச்சிரு' என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கலாம். ஆனால் மனிதருக்குச் செய்ததை அந்த மனிதர் மன்னிக்காமல் கடவுளும் மன்னிப்பதில்லை. வருடாவருடம் நானே நடத்தும் பாடம்.

"அந்தப் பாவி நான்தான்," என்றேன்.

அவளுக்குப் புரியவே நேரமாயிற்று. "துணி சொட்டினதுக்கா?"

"ஆமா."

"என்னை அடிச்சிருக்கலாமேடி."

மாடியேறிப் போய்விட்டாள்.

திஷ்ரி 14

மறுபடி போனேன். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. கதவு திறக்கவில்லை.

கிஸ்லேவ் 8

ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து தெமீமாவுக்கு நிச்சயமாகிவிட்டது. கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் அழைப்பு, என் வீட்டைத் தவிர. படிக்கட்டில் அவளைப் பார்த்து வாழ்த்தினேன். நின்றாள்.

"தேங்க்ஸ் டீச்சர்." ஒரு படி இறங்கித் திரும்பினாள். "இந்தத் தடவை விசாரிக்கிறதுக்கு உங்க பேரை நாங்க குடுக்கல."

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.