அம்மாவுக்கு வளைகாப்பு

குளுவாங்,
3 மார்ச் 2024

செல்ல மகள் சாந்தினிக்கு,

நலமா? போலீஸ் பயிற்சியில் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டதும் நல்லதுதான். இதை உன்னிடம் வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. மாதவிலக்கு நின்றதும் வயதாகிவிட்டது என்று நினைத்தேன். கிளினிக்கில் நர்ஸ் சிரித்துக்கொண்டே, "மூணு மாசம்க்கா" என்கிறாள். நாற்பத்து நான்கு வயதில்! நீ ஒருத்தியே போதும் என்றிருந்தவள் நான். இந்தப் பிள்ளை வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. உன் அப்பா மட்டும் வாயெல்லாம் பல்லாக அலைகிறார். நான் கோயிலுக்குக்கூடப் போவதில்லை. உன் பயிற்சி நிறைவு அணிவகுப்புக்கும் வரவில்லையம்மா. தோழிகள் முன் உனக்குத் தலைகுனிவு வேண்டாம்.

அன்புடன் அம்மா,
பிரேமலா


கோலாலம்பூர்,
17 மார்ச் 2024

அன்புள்ள அம்மா,

கடிதம் கிடைத்தது. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. நீங்கள் வராமலிருப்பதே நல்லதென்று எனக்கும் படுகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாந்தினி


குளுவாங்,
28 ஏப்ரல் 2024

சாந்தினிக்கு,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

நேற்று சந்தையில் மீன் வாங்கும்போது உள்ளே ஓர் உதை. பையைக் கீழே போட்டுவிட்டேன். மீன் விற்கும் அங்கம்மா பதறிப்போய், "அலமாக், என்னாச்சுக்கா?" என்றாள்.

"பிள்ள ஒதைக்குது லா!"

சந்தைக்கே கேட்டிருக்கும். அதுவரை ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அங்கம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எதற்கு இத்தனை நாள் ஒளிந்துகிடந்தேன்? இந்தப் பிள்ளை எனக்கு வேண்டும், சாந்தினி. அணிவகுப்புக்கு வருகிறேன். வயிற்றைத் தள்ளிக்கொண்டுதான் வருவேன். பிடிக்காவிட்டால் நீ முகத்தைத் திருப்பிக்கொள்.

உன் அம்மா


கோலாலம்பூர்,
12 மே 2024

என் அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு, போன ஞாயிற்றுக்கிழமை வெளியே விட்டபோது கண்ணாடி வளையல் வாங்கி அலமாரியில் ஒளித்துவைத்தேன். திடீர்ச் சோதனையில் மாட்டிக்கொண்டேன். எங்கள் பெண் கார்ப்பரல் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, யாருக்கு இது என்று மலாயில் அதட்டினார். அக்காவுக்கு என்று புளுகியிருக்கலாம்.

"எங்கம்மாவுக்கு, புவான்! மாசமா இருக்காங்க!" என்று நானும் மலாயில் கத்தினேன்.

யாரும் சிரிக்கவில்லை. தண்டனையாகத் திடலைச் சுற்றி ஓடச் சொன்னார். ஓடினேன். திரும்பிப் பார்த்தால் என் குழுவே பின்னால் கைதட்டிக்கொண்டு ஓடிவருகிறது! கார்ப்பரல் தடுக்கவில்லை.

நீங்கள் வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டதால், என்னைச் சுமந்தபோது உங்களுக்கு வளையல் அடுக்க யாரும் வரவில்லை என்று அப்பா சொல்லியிருக்கிறார். அணிவகுப்பின்போது உங்களுக்கு ஏழாம் மாதம். முடிந்ததும் சீருடையோடு, அத்தனை பேர் பார்க்க, முதல் வளையலை நான் போடுவேன். கையை மட்டும் நீட்டுங்கள்.

உங்கள் மூத்த பிள்ளை,
சாந்தினி