மீனுக்குப் பசிக்கும் இடங்கள்

லண்டனுக்குத் திரும்பப் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறேன். கைப்பையைக் கவிழ்த்தபோது நாலைந்து சோளப்பொரி மெத்தையில் உருண்டது. கண்டி வாவிக் கரையில், மீனுக்குப் போடவென்று விற்கிற பொரி. அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாய். பெட்டி கிடக்கட்டும், உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். நான் வாவியை முழுசாக ஒரு சுற்று சுற்றிவிட்டேன், நடந்தே.

நீ சிரிப்பாய் என்று தெரியும். போன விடுமுறையில் நாம் இரண்டு பேரும் கிளம்பிய லட்சணம் அப்படி. ஒரே கந்தோரில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், மூட்டுவாதத்தையும் சேர்ந்தே வாங்கிக்கொண்டோம். தலதா மாளிகைப் பக்கம் தொடங்கி, மரத்துக் கொக்குகளின் எச்சத்துக்குப் பயந்து ஒரே குடையில் நடந்தோம். என் முகம் கோணும்போதெல்லாம் நீ ஒரு பை பொரியைப் பிரித்தாய்.

"நில்லுடி, மீனுக்குப் பசிக்குது. நம்ம முழங்காலுக்காக ஒண்ணும் நிக்கல."

நொண்டுவதை ஊர் பார்க்கக் கூடாது என்ற வீம்பு உனக்கு. எனக்கும்தான். தென்கரை வளைவில், ஒரு பெரிய மரத்தடியில் பொரி தீர்ந்தது, கூடவே காலும். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, "அடுத்த தடவை ஒரு பை கூடுதலா வாங்கணும்" என்றாய், குறை பொரியில்தான் என்பதுபோல.

அடுத்த தடவைக்கு நீ இல்லை. உன் மகள் போனில் சொன்ன அன்று லண்டனில் பனி கொட்டியது. தேநீர்க் கோப்பையைக்கூட இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. உன்னை வழியனுப்ப வர முடியாமல் போனது இன்னும் மனதைச் சுடுகிறது.

இந்த முறை மஹய்யாவவில் தம்பி வீட்டில் தங்கினேன். முதல் நாள் நடந்தது வீட்டுத் தெரு, அந்த ஒழுங்கை முனை வரைக்கும்தான். வெயில் முதுகில் ஏற ஏற, முழங்கால் மெல்ல இளகியது. ஒரு வாரத்தில் மணிக்கூட்டுக் கோபுரம் வரை போய் வந்தேன். வாவி என்றதும் தம்பி பதறினான்.

"இந்தக் காலோடயா அக்கா? ஆட்டோல சுத்திக் காட்டுறேன், வாங்க."

"ஆட்டோல ஏற்கனவே சுத்தியாச்சு" என்றேன்.

நேற்றுக் காலை ஐந்து பை வாங்கினேன். நமக்கு அன்று நாலு, நீ சொன்ன கூடுதல் ஒன்று. வலி தலைகாட்டும்போது நின்று, பொரியை எறிந்து, மீன்கள் வாயைப் பிளப்பதைப் பார்த்துவிட்டு, மறுபடி நடந்தேன். வலி இல்லாமல் இல்லை. ஆனால் வழி நெடுக உன்னிடம் வம்பளந்துகொண்டே போனதில் அதைக் கவனிக்க நேரமில்லை. தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தபோதுதான் பையைப் பார்த்தேன். ஒன்று பிரிக்காமலே இருந்தது.

எந்த இடத்தில் நிற்காமல் விட்டேன் என்று யோசித்தேன். தென்கரை வளைவு. நாம் தோற்றுப்போய் ஆட்டோ பிடித்த அந்த மரத்தை நான் கவனிக்காமலே கடந்து வந்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் பயந்துபோய், "ஏறுங்கம்மா, கொண்டுபோய் விடுறேன்" என்றார்.

"இல்லப்பா, நான் சுத்தி முடிச்சிட்டேன்" என்றேன், அவர் கேட்காததையும் சேர்த்து.

பிறகு கரைச் சுவரில் சாய்ந்து அந்தக் கடைசிப் பையைப் பிரித்தேன். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, உண்மையாகவே மீனுக்காக மட்டும் நின்றேன்.

லண்டனில் என் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் ஒரு குளம் இருக்கிறது. குளிருக்குப் பயந்து இத்தனை வருடம் அதைச் சன்னலில் இருந்தே பார்த்திருக்கிறேன். அதில் வாத்துகள் உண்டு. அதுகளுக்கும் பசிக்கும்தானே.