துளிர்த்த குச்சிகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். உன் முழங்கால் வலி குறைந்ததா? பாப்பாவின் இருமல் நின்றதா? நான் சுகமாக இருக்கிறேன். போனில் பேசினால் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

பெரிதாக ஒன்றுமில்லை. வேர்பிடிக்கக் கடையில் விற்கும் பவுடருக்குப் பதிலாக, முந்நூறு காகிதப்பூக் குச்சிகளைக் கற்றாழைச் சோற்றில் தோய்த்து நர்சரியில் நட்டேன் அல்லவா? அவை பிழைத்தால் பின்பக்க அறையை எனக்குத் தருவதாக முதலாளியம்மா சொல்லியிருந்தார். ஜீவனஹள்ளியில் நான் இப்போது நாலு பெண்களோடு தங்கியிருக்கும் அறையில் பாப்பாவை எப்படி வைத்துக்கொள்வது?

மூன்றாம் வாரம் எல்லாக் குச்சியும் துளிர்த்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் பாப்பாவிடம், "ஜூன்ல நீ அம்மாகூட இருந்து இங்கதான் ஸ்கூலுக்குப் போவ" என்று போனில் சொல்லிவிட்டேன்.

நேற்று முதலாளியம்மா ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தார். வேரே இல்லை. குச்சிக்குள் மிச்சமிருந்த சத்தில்தான் துளிர் வந்திருக்கிறது. "இலையப் பாத்து ஏமாந்துட்டியே, பிரிசில்லா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மீதியை நானே பிடுங்கினேன். ஏழில்தான் வேர் இருந்தது. இனி என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை அம்மா.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய ஸ்வெட்டரைக் கொடுத்தனுப்பு. பாப்பா இங்கே வருவதற்காகப் புதுக் கவுன்களை மடித்துப் பையில் வைத்திருக்கிறாள் என்றாயே, அவற்றை இப்போதே எடுத்து அவளுக்குப் போட்டுவிடு. நான் வந்து அழைத்துப்போவதற்குள் சின்னதாகிவிடும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

பிரிசில்லா